டிரைவ் மீட்பு வாரம்

ஆஸ்பத்திரியின் நானூற்று எண்பத்திரண்டு கம்ப்யூட்டர்களும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் புது இயங்குதளத்துக்கு மாறின. திங்கட்கிழமை காலை நுழைவாயிலில் ரிப்பன் கட்டி வெட்டினார்கள். கத்தரிக்கோல் அறுவைப் பிரிவிலிருந்து வந்தது. அது கொதிநீரில் போட்டு எடுத்ததா என்று ஒரு நர்ஸ் கேட்டார். பதில் வருவதற்குள் ரிப்பன் கீழே கிடந்தது. செவ்வாய்க்கிழமை முகப்புக் கூடத்தில் ஒரு மின்பலகை ஏறியது. ‘மேம்படுத்தப்பட்டவை: 482. வந்த புகார்கள்: 0.’ பூஜ்யத்தை மட்டும் சிவப்பில் போட்டு, அது விட்டு விட்டு மின்னும்படி செய்திருந்தார்கள்.

அந்தப் பூஜ்யம் சும்மா வந்ததல்ல, உழைத்துச் சம்பாதித்தது. புகாரைக் கம்ப்யூட்டரில்தான் பதிய வேண்டும். பதியும்போது, எந்தச் சாதனம் வேலை செய்யவில்லை என்று ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பட்டியலைப் புதுத் தளமே தயாரிக்கும். தனக்குத் தெரிகிற சாதனங்களை மட்டும் அதில் போடும். அதாவது, வேலை செய்கிற எதன் மீதும் நீங்கள் தாராளமாகப் புகார் கொடுக்கலாம். வேலை செய்யாதது பட்டியலிலேயே வராது. நான்கு வாரமாக யாரும் புகார் கொடுக்கவில்லை என்று நிர்வாகம் பூரித்துப்போயிருந்தது.

இந்தப் பூஜ்யத்தில் போய் முட்டிக்கொண்டவர் ஒரு கண்ணாடிக்காரர். ஜன்னலுக்கும் கடை முகப்புக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிறவர். யாரோடும் சண்டைக்குப் போகாத மனிதர். அவருடைய மனைவி மழலையர் பள்ளி ஆசிரியை. வீட்டிலும் தெருவிலும் எல்லோருக்கும் டீச்சர். டீச்சருக்கு இரண்டு மாதமாக விடாத இருமல். இருமல் மருந்தில் போய்விட்டது. ஆனால் அதற்காக எடுத்த ஸ்கேனில், வலது நுரையீரலின் அடியில் சின்னப் பட்டாணி அளவுக்கு ஒரு புள்ளி தெரிந்தது.

அறுவை மருத்துவர் அந்தப் புள்ளியைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார்.

“ஊசி விட்டு எடுத்துப் பாக்கற இடத்துல இல்ல. புதுசா வந்ததுன்னா காத்திருக்கக் கூடாது, உடனே எடுத்துடணும். பல வருஷமா இருக்கறதுன்னா தொடவே வேண்டாம், அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். ஆனா வயசு என்னன்னு அதைப் பாத்துச் சொல்ல முடியாது. முன்னாடி எடுத்த படம் ஏதாவது இருக்கா?”

“இருக்கு சார்,” என்றார் டீச்சர். “எட்டு வருஷம் முன்னாடி மாடிப்படியில விழுந்து விலா எலும்புல விரிசல் விட்டுது. அப்போ ஸ்கேன் எடுத்தாங்க.”

“நல்லதாப் போச்சு. படம் எங்க?”

“உங்ககிட்டதான் இருக்கு. இதே ஆஸ்பத்திரிதான். ‘வீட்டுக்குப் படமெல்லாம் வேண்டாம்மா, காலம் முழுக்க நாங்களே பத்திரமா வெச்சிருப்போம்’னு சொல்லி இந்த அட்டையைக் குடுத்தாங்க.”

அட்டையில் ஒரு எண் இருந்தது. மருத்துவர் அதைத் தன் கம்ப்யூட்டரில் தட்டினார். ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியது, பிறகு சுற்றுவதை நிறுத்திக்கொண்டது.

“வரலை. பதிவறையில கேட்டுப் பாருங்க. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு ஆபரேஷனுக்குத் தேதி போட்டிருக்கேன். அதுக்குள்ள படம் கெடச்சுதுன்னா கொண்டாங்க. இல்லேன்னா திறந்துதான் பாக்கணும்.”

வெளியே வந்ததும் டீச்சர் பொரிந்து தள்ளினார். “தர்பூசணி விக்கிறவன்கூட ரெண்டு தட்டு தட்டிப் பாத்துட்டுத்தான் வெட்டறான்! இவங்க எட்டு வருஷமா கையில வெச்சிருக்கற படத்தைத் தேட மாட்டாங்க, என்னை வெட்டித் தேடுவாங்களாம்.”

கண்ணாடிக்காரர் அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவருடைய தொழிலில் ஒரு கீறல் போட்டால் போட்டதுதான், அழிக்க முடியாது. அதனால் மூன்று முறை அளந்து பார்க்காமல் அவர் வைரமுனையைக் கையில் எடுப்பதில்லை. உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை பதிவறைக்குப் போனார். அங்கே இருபத்திரண்டு வருடமாக ஒரே நாற்காலியில் இருக்கும் ஒரு அம்மா, அட்டையைப் பார்த்ததுமே எழுந்துபோய் இரும்பு அலமாரியைத் திறந்தார். உள்ளே படங்களைச் சேமித்து வைக்கும் வெளி டிரைவ்கள், கறுப்புக் கறுப்பாகச் செங்கல் அடுக்கியதுபோல் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை ஒட்டி, அதில் வருடமும் மாதமும் எழுதியிருந்தார்.

“இதுலதான் இருக்கு உங்க வீட்டம்மா படம். பத்து நாள் முன்னாடி வந்திருந்தாலும் இதே கதைதான், பாருங்க.”

டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகினார். அதில் நீல விளக்கு எரிந்தது. உள்ளே மெல்லிசாக ஒரு சுழலும் சத்தம். கம்ப்யூட்டர் திரையில் ஒரு பெட்டி வந்தது. ‘இந்த டிரைவைப் பயன்படுத்தும் முன் முழுவதும் அழித்துச் சீரமைக்க வேண்டும். அழிக்கலாமா?’ கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று ‘ஆம்’. இன்னொன்று ‘பிறகு’. ‘வேண்டாம்’ என்று மூன்றாவதாக ஒன்று தேவைப்படும் என்று அதைச் செய்தவர்களுக்குத் தோன்றியிருக்கவில்லை.

“கெட்டுப்போச்சுங்களா?” என்றார் கண்ணாடிக்காரர்.

“அதெல்லாம் இல்ல. குத்துக்கல்லாட்டம் நல்லா இருக்கு. இதெல்லாம் பழைய முறையில எழுதி வெச்சது. புதுத் தளத்துக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது. எனக்குப் படிக்கத் தெரியலன்னு ஒத்துக்கறதுக்கு பதிலா, உள்ள ஒண்ணுமே இல்லன்னு சொல்லுது. நாலு வாரமா நான் ‘பிறகு, பிறகு’ன்னு அமுக்கிட்டே இருக்கேன். மேல போய்க் கேளுங்க. நான் கேட்டா, பதிவறைக்கு முன்னேற்றம் பிடிக்கலன்னு எழுதிடறாங்க.”

மேலே என்றால் மூன்றாவது மாடி, கணினிப் பிரிவு. உள்ளே நுழையும் முன் செருப்பைக் கழற்றி, காலுக்கு நீல உறை மாட்டி, கையில் ஏதோ ஒரு திரவத்தைத் தேய்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்துப் பிரசவ வார்டில் இவ்வளவு சுத்தம் பார்ப்பதில்லை. பிரிவின் தலைவரை ஆஸ்பத்திரி முழுவதும் ‘அப்டேட் சார்’ என்றுதான் சொல்லும். அவருக்கும் அது தெரியும், பெருமைதான். அவருடைய மேஜையில் ரிப்பன் வெட்டிய போட்டோவும், அந்த ரிப்பனின் ஒரு துண்டும் சட்டம் போட்டு நின்றன.

“சொல்லுங்க, என்ன பிரச்சினை?”

“டிரைவ் தெரியலீங்க சார்.”

அப்டேட் சார் திரையை அவர் பக்கம் திருப்பினார். “இது பட்டியல். எந்த டிரைவ்னு தொட்டுக் காட்டுங்க.”

“இதுல இல்லீங்க. அதுதான் பிரச்சினை.”

“இதுல இல்லவே இல்லாத ஒண்ணுக்கு எப்படிங்க பிரச்சினை வரும்?”

கேள்வி அவ்வளவு நிதானமாக வந்ததால் கண்ணாடிக்காரர் ஒரு நிமிடம் தன்னையே சந்தேகப்பட்டார். பிறகு டீச்சரின் அட்டையை எடுத்து மேஜையில் வைத்து, புள்ளியைப் பற்றியும் வெள்ளிக்கிழமையைப் பற்றியும் முழுவதும் சொன்னார். அப்டேட் சார் கண்ணை மூடிக் கேட்டார். கேட்டு முடித்ததும் எழுந்து நின்றுவிட்டார். உட்கார்ந்துகொண்டு பேசினால் அவருக்குப் பேச்சு வராது.

“நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. டிரைவ் பழசா இருக்கறது பிரச்சினையே இல்ல. மனசு பழசா இருக்கறதுதான் பிரச்சினை. எட்டு வருஷம் முன்னாடி எடுத்த படம் வேணும்கறீங்க. ஏன்? பின்னாடி பாக்கறீங்க. இந்த ஆஸ்பத்திரி முன்னாடி பாக்குது. பழசைப் பிடிச்சுத் தொங்கறதே ஒரு நோய்.”

“சார், நோய் என் வீட்டுக்காரிக்கு.”

“பாத்தீங்களா, புரிஞ்சுக்கிட்டீங்க. நாளைக்கு பயனர் விழிப்புணர்வு வகுப்பு இருக்கு. அது முடிச்சவங்களைத்தான் நான் அடுத்த கட்டத்துக்கு எடுத்துக்க முடியும். வந்துடுங்க.”

சனிக்கிழமை வகுப்பில் பதினைந்து பேர் இருந்தார்கள். எல்லோருமே ஏதோ ஒரு புகாரோடு வந்து வகுப்பில் உட்கார வைக்கப்பட்டவர்கள். மருந்தகத்துக்காரருக்குச் சீட்டு அச்சடிக்கும் இயந்திரம் தெரியவில்லை. பல் மருத்துவருக்கு எக்ஸ்ரே கருவி தெரியவில்லை. ஒரு நர்ஸுக்குக் கம்ப்யூட்டரே ஆன் ஆகவில்லை. அவரைப் புகாரைக் கம்ப்யூட்டரில் பதியச் சொல்லியிருந்தார்கள். மூன்று மணி நேரம், ‘மாற்றத்தை ஏற்பது எப்படி’ என்று ஒருவர் படம் காட்டி விளக்கினார். படம் காட்டும் கருவியையும் புதுத் தளம் கண்டுகொள்ளாததால், படத்தில் என்ன இருக்கிறது என்று வாயாலேயே விளக்கினார். முடிவில் எல்லோருக்கும் சான்றிதழ். மாலையில் முகப்புப் பலகையில் புது வரி சேர்ந்தது. ‘பயிற்சி பெற்று மகிழ்ந்தோர்: 15.’

சான்றிதழோடு திங்கட்கிழமை போனதும் அப்டேட் சாரின் முகமே மாறிவிட்டது. நாற்காலி கொடுத்தார், தண்ணீர் கொடுத்தார்.

“இப்போ நீங்க நம்ம ஆள். உங்களுக்கு ஒரு நல்ல சேதி. பழைய டிரைவுகளை நாங்க கைவிடல. மீட்புத் திட்டம்னே ஒண்ணு போட்டிருக்கோம். மொத்தம் முப்பத்தொண்ணு. அதுல பதினொண்ணை வெற்றிகரமா மீட்டாச்சு.”

கண்ணாடிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “நிஜமாவா சார்?”

“நீங்களே பாருங்க.” இழுப்பறையிலிருந்து ஒரு டிரைவை எடுத்துச் செருகினார். டொய்ங் என்று ஒரு சத்தம். திரையில் உடனே ஒரு ஜன்னல் திறந்தது, பளிச்சென்று வெள்ளையாக. “தெரியுதா? பட்டியல்ல வந்துடுச்சு. தொட்டா திறக்குது. முன்னாடி இப்படியா இருந்துச்சு?”

கண்ணாடிக்காரர் அந்த வெள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “உள்ள ஒண்ணும் காணோமே சார்.”

“அதான் விசேஷமே! முன்னாடி இதுல ரெண்டு சதவீதம்கூட இடம் இல்ல. இப்போ நூறு சதவீதம் காலி.”

“அப்போ அதுல இருந்த படமெல்லாம்?”

“கம்ப்யூட்டர் கேட்டுச்சு, அழிக்கலாமான்னு. ஆமான்னு சொன்னோம். அவ்வளவு மரியாதையா கேக்கும்போது நாமளும் ஒழுங்கா பதில் சொல்லணும் இல்லையா? பதிவறை அம்மா மாதிரி ‘பிறகு பிறகு’ன்னு இழுத்தடிச்சா எந்தத் தளம்தான் பொறுத்துக்கும்?”

பதினோரு டிரைவ். ஒவ்வொன்றிலும் எத்தனை ஆயிரம் பேருடைய நெஞ்சும் தலையும் முதுகெலும்பும் இருந்திருக்கும் என்று கணக்குப் பார்க்கக் கண்ணாடிக்காரருக்குத் தெம்பில்லை.

“எங்களோடதை மட்டும் ஒண்ணும் பண்ணிடாதீங்க சார்.”

“என்ன இப்படிச் சொல்றீங்க! உங்க டிரைவ் வரிசையில பதினேழாவது. முறைப்படி இன்னும் மூணு வாரம் ஆகும். ஆனா நீங்க இவ்வளவு அலைஞ்சிருக்கீங்க, வகுப்புக்கு வந்திருக்கீங்க. உங்களுக்காக நான் விதியைத் தளர்த்தறேன். இந்த வியாழக்கிழமை டிரைவ் மீட்பு வாரம் தொடங்குது. முதல் டிரைவே உங்களோடது. பதினோரு மணிக்கு இயக்குநர் அவர் கையாலயே ‘ஆம்’ அமுக்கறார். பத்திரிகைக்காரங்களும் வராங்க.”

“வேண்டாங்க சார்! தயவுசெஞ்சு வேண்டாம்!”

“கூச்சப்படாதீங்க. இது எங்க கடமை.”

மனிதர் மனதார உதவி செய்தார், அதில் சந்தேகமில்லை. கெடுதல் செய்ய வந்தவனிடம் கெஞ்சிப் பார்க்கலாம். உதவி செய்தே தீருவேன் என்று நிற்கிற அதிகாரியிடம் என்ன செய்ய முடியும்?

செவ்வாய்க்கிழமை தன் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளப் போனார். புகார் என்று ஒன்று பதிவாகவே இல்லை என்பதால் அதைத் திரும்பப் பெற வழியில்லை என்றார்கள். ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, ‘எங்கள் டிரைவைத் தாங்கள் மீட்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்தார். கடிதங்களைப் பதிய அங்கே இரண்டே வகைதான் இருந்தன: விலைப்பட்டியல், பாராட்டு. இது விலைப்பட்டியல் இல்லை என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சாயங்காலம் பலகையில் இன்னொரு வரி ஏறியது. ‘பாராட்டுக் கடிதங்கள்: 1.’

புதன்கிழமை மாலை வீட்டில் டீச்சர் ஆஸ்பத்திரிப் பையை அடுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு தொளதொளப்பான உடுப்பு, துண்டு, பல் தேய்க்கிற பிரஷ். பையை அடுக்கியதும் ஒரு நோட்டை எடுத்து, தனக்குப் பதிலாக வரப்போகிறவருக்கு மூன்று மாதத்துக்கான குறிப்புகளை எழுத ஆரம்பித்தார். எந்தக் குழந்தை பென்சிலைக் கடிக்கும், எந்தக் குழந்தைக்கு மதியம் அம்மா நினைப்பு வந்துவிடும் என்றெல்லாம். கண்ணாடிக்காரர் எதிரே உட்கார்ந்திருந்தார். அந்த வாரத்தில் மட்டும் அவர் மூன்று கண்ணாடியைத் தப்பாக வெட்டி உடைத்திருந்தார்.

“பயமா இருக்கா?” என்று கேட்டார்.

“பயம் இல்லாம? ஆனா கத்திக்கு இல்ல. வேண்டியிருந்தா வெட்டிட்டுப் போகட்டும். வெட்ட வேண்டியதே இல்லாம இருந்து, அதை வெட்டினதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுக்கப் போறோமேன்னு நெனச்சாத்தான் பத்திக்கிட்டு வருது.” எழுதுவதை நிறுத்தினார். “ஏங்க, எல்லாக் கம்ப்யூட்டரையுமா மாத்திட்டாங்க? ஒண்ணுகூட மிச்சம் விடலையா?”

“நானூத்தி எண்பத்திரண்டையும் மாத்திட்டதா பலகையில போட்டிருக்கு.”

“பலகையை விடுங்க. அந்தப் பதிவறை அம்மாவைக் கேளுங்க.”

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு இருவரும் பதிவறை வாசலில் நின்றார்கள். பதிவறை அம்மா கேள்வியைக் கேட்டதும் விரல் விட்டு எண்ணினார். வார்டுகள், பரிசோதனைக்கூடம், மருந்தகம், பிணவறை. பிணவறைக் கம்ப்யூட்டரைத்தான் முதலில் மாற்றினார்களாம், அங்கே யாரும் இடைஞ்சல் செய்யவில்லை என்று. எண்ணிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

“கேண்டீன்! கேண்டீன் குத்தகைக்காரரோடது. அந்தக் கம்ப்யூட்டர் ஆஸ்பத்திரிக் கணக்குலயே வராது!”

அலமாரியைத் திறந்து டிரைவை எடுத்தார். தன் சாப்பாட்டுப் பையில், டப்பாவுக்குக் கீழே வைத்தார். மூவரும் கேண்டீனுக்கு நடந்தார்கள். நடந்தார்கள் என்றா சொன்னேன், ஓடினார்கள்.

கேண்டீனில் டோக்கன் போடுகிற பெண், வரிசை நிற்கிறது என்று முதலில் கையை விரித்தாள். டீச்சர் அவளைத் தனியே கூப்பிட்டு இரண்டு வாக்கியம் பேசினார். அவள் உடனே நாற்காலியை விட்டு எழுந்து, டோக்கனைத் துண்டுச் சீட்டில் கையால் எழுத ஆரம்பித்தாள். அந்தக் கம்ப்யூட்டரின் விசைப்பலகையில் பாதி எழுத்து அழிந்திருந்தது, எல்லாவற்றின் மேலும் டீக்கறை. பதிவறை அம்மா டிரைவைச் செருகினார்.

அது எதையும் கேட்கவில்லை. அழிக்கலாமா என்று கேட்கவில்லை, சீரமைக்கலாமா என்று கேட்கவில்லை. மஞ்சள் மஞ்சளாக ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நின்றன. பத்தொன்பதாயிரம் பேர். அட்டையில் இருந்த எண்ணைத் தேடிப் பிடிக்க அரை மணி நேரம் ஆனது. கம்ப்யூட்டர் மெதுவானதுதான், ஆனால் பொய் சொல்லவில்லை. படம் திறந்தது.

மேலே சுவரில், டோக்கன் எண் காட்டுகிற பெரிய திரையிலும் அதே படம் வந்துவிட்டது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். “இருநூத்திப் பதினாலு கூப்பிட்டாச்சா?” என்று ஒருவர் டீச்சரின் நுரையீரலைப் பார்த்துக் கேட்டார்.

மருத்துவருக்குப் போன் போட்டார்கள். படத்தைத் தன் கம்ப்யூட்டருக்கு அனுப்பச் சொன்னார். கேண்டீன் கம்ப்யூட்டருக்கு எதனோடும் தொடர்பு கிடையாது என்றதும், “அப்போ நான் என்ன பண்ண முடியும்? ரவுண்ட்ஸ்ல இருக்கேன்” என்று வைத்துவிட்டார். டீச்சர் மாடிக்குப் போனார். பத்து நிமிடத்தில் மருத்துவரோடு இறங்கி வந்தார். அவர் கையைப் பிடித்து இழுத்து வரவில்லை என்பதுதான் குறை. நாலு வயதுக் குழந்தைகள் முப்பது பேரை வரிசையில் நடக்க வைக்கிறவருக்கு ஒரு மருத்துவர் பெரிய விஷயமில்லை.

மருத்துவர் அந்த டீக்கறை மவுஸைக் கைக்குட்டையால் பிடித்துக்கொண்டார். படத்தை ஒவ்வொரு அடுக்காக நகர்த்தினார். வலது பக்கம், அடிப்பகுதி. நிறுத்தினார். கோடு போட்டு அளந்தார். மறுபடி அளந்தார். மூன்றாவது முறையும் அளந்ததைப் பார்த்துக் கண்ணாடிக்காரருக்கு அந்த ஆள் மேல் முதல் தடவையாக நம்பிக்கை வந்தது.

“இருக்கு. அதே இடம். அப்போ எட்டு மில்லிமீட்டர், இப்பவும் எட்டு மில்லிமீட்டர். எட்டு வருஷத்துல வளரவே இல்ல. இதை நாங்க...” என்று ஆரம்பித்தவர், வாக்கியத்தை முடிக்காமல் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஆபரேஷன் வேண்டாம்மா. வருஷம் ஒரு தடவை வந்து காட்டுங்க, போதும். நாளைக்கு வர வேண்டாம்.”

கண்ணாடிக்காரர் அழுதார். மறைத்துக்கொண்டெல்லாம் இல்லை, டோக்கன் வரிசைக்கு முன்னால், முகத்தை மூடாமல் அழுதார். டீச்சர் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, “எனக்கு ஒரு டீ சொல்லுங்க” என்றார்.

டீ வருவதற்குள் அப்டேட் சார் வந்துவிட்டார். பதிவறையில் டிரைவைக் காணாமல் தேடிக்கொண்டு, போட்டோக்காரரோடும் தட்டு ஏந்திய உதவியாளரோடும் வந்திருந்தார். தட்டில் ஒரு சிவப்புத் துணி விரித்திருந்தது, டிரைவை வைத்து எடுத்துப் போவதற்காக. அவர் கண்ணில் நுரையீரலும் படவில்லை, அழுகிறவரும் படவில்லை.

“இது பழைய தளம்!” என்றார், பாம்பைப் பார்த்தவர்போல. “இந்தக் கட்டடத்துல இது இன்னும் ஓடிட்டா இருக்கு?”

“சார், வேலை செய்யுது சார்!” என்றார் பதிவறை அம்மா. “படம் கெடச்சிடுச்சு. ஆபரேஷனே வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார். மிச்சம் பத்தொன்பது டிரைவும் அப்படியே அலமாரியில இருக்கு. எனக்கு ஒரு வாரம் குடுங்க. எல்லாத்தையும் இதுலயே திறந்து, புதுத் தளம் படிக்கற மாதிரி வேற டிரைவுல ஏத்தி வெச்சுடறேன்.”

“அம்மா, நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. படிக்க முடியாத டிரைவை ஒரு கம்ப்யூட்டர் படிக்குதுன்னா, அது டிரைவோட பெருமை இல்ல. அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் மேம்படலன்னு அர்த்தம். குறை அதுலதான்.”

“ஒரு உயிர்...” என்று ஆரம்பித்தார் கண்ணாடிக்காரர்.

“உயிர் டாக்டரோட துறை. என் துறை தளம். ஒரு வாரம் தள்ளிப் போடுங்கன்னு ஈஸியா சொல்லிடறீங்க. மீட்பு வாரத்தை ஒரு வாரம் தள்ளிப் போட்டா, அந்த வாரத்துக்கு என்னன்னு பேர் வைக்கறது? இயக்குநர் மேல உக்காந்திருக்கார். பத்திரிகைக்காரங்களுக்கு பிஸ்கட் குடுத்தாச்சு.”

எல்லோரும் மருத்துவரைப் பார்த்தார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “எனக்கு இந்தக் கேஸ் முடிஞ்சது. டிரைவ் விஷயம் நிர்வாகம் சம்பந்தப்பட்டது, நான் தலையிட முடியாது” என்று சொல்லி, கைக்குட்டையை மடித்துக்கொண்டே மாடி ஏறினார்.

டிரைவ் தட்டில் ஏறியது. பதிவறை அம்மா அலமாரிச் சாவியைத் தர மாட்டேன் என்று ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டார். அதற்கென்ன, மாற்றுச் சாவி நிர்வாகத்திடம் இருந்தது. பதினோரு மணிக்கு மேலே கைதட்டல் கேட்டது. நீளமான கைதட்டல். மதியம் இரண்டு மணிக்குக் கேண்டீன் கம்ப்யூட்டரையும் மாற்றினார்கள். அடுத்த நாள் பலகையில் 483 என்று இருந்தது. டோக்கன் திரை புதுத் தளத்துக்குத் தெரியவில்லை என்பதால் அந்தப் பெண் இன்றைக்கும் துண்டுச் சீட்டில்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு தச்சர் கண்ணாடிக்காரருக்கு வேலை கொடுத்தார். ஆறடிக்கு மூன்றடி, இரண்டு நகரும் கதவு, நல்ல தடிமனான கண்ணாடி. எங்கே பொருத்துவது என்று அவர் கேட்கவில்லை. வண்டி நின்ற இடம் ஆஸ்பத்திரி முகப்பு. பதிவறைக்கு எதிர்ச்சுவரில் விளக்கு வைத்த ஒரு காட்சிப் பெட்டி. உள்ளே பட்டுத் துணியில் முப்பத்தொரு டிரைவும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பிளாஸ்திரிகளை உரித்துவிட்டுத் துடைத்து வைத்திருந்தார்கள். மேலே பித்தளைத் தகட்டில் எழுத்து வெட்டியிருந்தது. ‘முழுமையாக மீட்கப்பட்டவை.’

பதிவறை நாற்காலியில் வேறு யாரோ ஒருவர் இருந்தார். கண்ணாடிக்காரர் கதவைப் பொருத்தி, பழக்கதோஷத்தில் விரல் அச்சு இல்லாமல் துடைத்தும் விட்டார். துடைத்ததற்கு அவருக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது. அப்போது கையில் ஒரு அட்டையோடு ஒருவரும் அவர் மனைவியும் வந்து பெட்டி முன்னால் நின்றார்கள். அந்த அம்மாவின் தலையில் துணி கட்டியிருந்தது. தகட்டை இருவரும் ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தார்கள்.

“அப்பாடா, நம்ம படம் பத்திரமா இருக்கு,” என்றார் அந்த ஆள் மனைவியிடம். பிறகு கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினார். “ஏங்க, அஞ்சு வருஷம் முன்னாடி எடுத்த தலை ஸ்கேன் வேணும். டாக்டர் அதைப் பாத்துட்டு முடிவு பண்றேன்னு சொல்லியிருக்கார். யாரைக் கேக்கணும்?”

“இதுல ஒண்ணும் இல்லீங்க,” என்றார் கண்ணாடிக்காரர். “எல்லாத்தையும் அழிச்சுட்டாங்க.”

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். அழுக்குச் சட்டை, கையில் திருப்புளி. பிறகு பித்தளைத் தகட்டைக் காட்டினார்.

“மீட்டாச்சுன்னு போட்டிருக்கே?”

“போட்டிருக்குங்க,” என்றார் கண்ணாடிக்காரர்.

அவர்கள் அவரை விட்டு விலகி, மூன்றாவது மாடிக்கு எப்படிப் போவது என்று காவலாளியிடம் கேட்கப் போனார்கள்.